பங்குனிலயே வீட்டு கரன்ட்டை ஒரு தடவை பாத்துருங்க: ஏசி போடுறதுக்கு முன்னாடி செய்ய வேண்டிய வேலை எல்லாம்

மாசி முடிஞ்சு பங்குனி பொறந்தா போதும், சென்னையில ராத்திரி ஃபேன் ரெண்டுல இருந்து அஞ்சுக்கு போயிடும், அடுத்த வாரமே ஏசி ரிமோட்டை எங்க வச்சோம்னு வீட்டுல தேட ஆரம்பிச்சுருவாங்க. மழைக்காலத்துல நிறுத்துன ஏசி, பரண்ல கெடந்த டேபிள் ஃபேன், மோர் அடிக்க மிக்ஸி, ஐஸ் வாட்டருக்காக நாள் பூரா தொறந்து மூடுற ஃப்ரிட்ஜ், எல்லாம் ஒரே சமயத்துல வேலைக்கு வருது. அதே சமயம் தரைக்கு அடியில ஈரம் எறங்கிட்டே போகுது. இந்த ரெண்டும் ஒண்ணா நடக்குறதாலதான் நான் கத்திரி வரைக்கும் காத்திருக்காம பங்குனிலயே இதை எழுதுறேன். ஏன்னா நம்ம வீட்டு எர்த், அதாவது கசியற கரன்ட்டை மண்ணுக்குள்ள எறக்கி விடற கம்பி, வேலை செய்யறது மண்ணுல இருக்கற ஈரத்தை நம்பித்தான், மண்ணு காய காய எர்த்தும் பலம் கொறஞ்சுகிட்டே போகும், நாம லோடு ஏத்தறதும் அப்பத்தான்.

எங்க வீட்டுல நடந்ததையே சொல்றேன். நங்கநல்லூர்ல பழைய வீடு, கீழ நாங்க, மேல வாடகைக்கு. ரெண்டு வருஷம் முன்னாடி பங்குனில அம்மா "ஃப்ரிட்ஜ தொட்டா சுர்ருங்குதுடா"ன்னு சொன்னாங்க. செருப்பு போட்டுக்கிட்டு தொறங்கம்மான்னு சொல்லிட்டு நான் ஆபீஸ் கெளம்பிட்டேன், இப்ப நெனச்சாலும் மனசு கேக்கல. பத்து நாள் கழிச்சு வாஷிங் மெஷின்ல ஈரக்கையோட தொட்டு கையை உதறிக்கிட்டு உக்காந்துட்டாங்க. அன்னைக்கு சாயங்காலம் வந்த வயர்மேன் அண்ணன் ஃப்ரிட்ஜ் பக்கம் போகவே இல்ல, "எர்த் குழி எங்க தம்பி இருக்கு?"ன்னுதான் மொதல்ல கேட்டாரு. எனக்கு தெரியல. இருபது வருஷமா இருக்கற வீடு, தெரியல. அப்பாதான் காம்பவுண்டு சுவரு ஓரமா துளசி மாடத்துக்கு பின்னாடி ஒரு சிமென்ட் மூடியை காட்டுனாரு. கடப்பாறையால நெம்பி தொறந்தா உள்ள ஒரே கறையான் மண்ணு, நடுவுல ஒரு ஜிஐ (துத்தநாகம் பூசுன இரும்பு) பைப், அதுல கிளாம்ப் போட்டு முறுக்குன கம்பி. அண்ணன் அந்த கம்பியை ரெண்டு வெரலால புடிச்சு லேசா இழுத்தாரு, துரு பொடிப் பொடியா உதிர்ந்து கம்பி கையோட வந்துருச்சு. அவ்வளவுதான் எங்க வீட்டு எர்த். எத்தனை வருஷமா அப்படி இருந்துச்சோ தெரியாது.

அதனால மொதல் வேலை எர்த். மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம்.

எர்த் குழியை கண்டுபிடிச்சு தொறந்து பாருங்க

தனி வீடுன்னா வீட்டு ஓனர்கிட்ட, இல்ல கட்டுனப்ப இருந்த பெரியவங்க கிட்ட கேளுங்க, அபார்ட்மென்ட்னா அசோசியேஷன் செக்ரட்டரி கிட்ட கேளுங்க. மேல தொட்டி செடியை வச்சு, டைல்ஸ் போட்டு மூடியிருந்தா அதை எடுத்துட்டு மூடி மட்டும் தொறக்கற மாதிரி செய்ய சொல்லுங்க. உள்ள பைப், கிளாம்ப், நட்டு போல்ட்டு, கம்பி நாலும் கண்ணுக்கு தெரியணும். துரு ஏறியிருந்தா நீங்களா கை வைக்காதீங்க, லீக்கேஜ் இருக்கற வீட்டுல எர்த் கம்பிலயே கரன்ட் ஓடிக்கிட்டு இருக்கும், வயர்மேன் மெயினை ஆஃப் பண்ணிட்டு பாக்கட்டும். திருவான்மியூர், பெசன்ட் நகர், ராயபுரம், எண்ணூர்னு கடல் காத்து அடிக்கற ஏரியால இருக்கறவங்க இதை ஒவ்வொரு வருஷமும் பாக்கணும், உப்புக் காத்துல துரு ரொம்ப சீக்கிரம் ஏறும்.

கம்பி நல்லா இருந்தா அடுத்து தண்ணி. பங்குனில இருந்து ஆடி வரைக்கும் வாரத்துக்கு ஒரு தடவை குழிக்குள்ள ரெண்டு பக்கெட் ஊத்துங்க, எங்க வீட்டுல மொதல் தடவை ஊத்துனப்ப நாலு பக்கெட்டையும் மண்ணு குடிச்சிருச்சு, தேங்கவே இல்ல, அவ்வளவு காஞ்சிருந்துச்சு. அரிசி கழுவுன தண்ணி, ஏசில இருந்து வடியற தண்ணி எதுவா இருந்தாலும் சரி. வருஷா வருஷம் உப்பை அள்ளி கொட்டாதீங்க, அது பைப்பையே தின்னுரும்.

இப்ப அளக்கணும். வயர்மேன் மல்டிமீட்டர்ல ஃபேஸுக்கும் (கரன்ட் வர்ற வயர்) நியூட்ரலுக்கும் (திரும்பிப் போற வயர்) 230 வோல்ட் பக்கம், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் கிட்டத்தட்ட அதே அளவு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஒண்ணு ரெண்டு வோல்ட்னு காட்டுவாரு. ஆனா மீட்டர்ல வோல்ட்டேஜ் வந்துட்டாலே எர்த் நல்லா இருக்குன்னு சொல்லிற முடியாது, ஒரு இழை ஒட்டிக்கிட்டு இருந்தா கூட மீட்டர்ல 230 காட்டும். அதனால எர்த் மெக்கர்ங்கற மீட்டரை வச்சு எர்த்தோட தடை எத்தனை ஓம்னு அளக்க சொல்லுங்க, ஓம் கூடுனா கரன்ட் மண்ணுக்குள்ள எறங்கறது கொறையும், வீட்டுக்கு 5 ஓமுக்கு கீழ இருக்கணும்னுதான் பொதுவா வயர்மேன்களும் பாப்பாங்க.

அந்த ஓம் கணக்கு ஏன் முக்கியம்னு ஒரு தடவை புரிஞ்சுகிட்டா போதும். மண்ணு காஞ்சு எர்த் 20 ஓம் ஆயிடுச்சுன்னு வைங்க. வாஷிங் மெஷின் உள்ள ஃபேஸ் வயர் உரிஞ்சு பாடியில ஒட்டுது. 230-ஐ 20-ஆல வகுத்தா பதினொன்றரை ஆம்ப். உங்க டிபி பாக்ஸ்ல, அதாவது வீட்டு லைனெல்லாம் பிரியற ஸ்விட்ச் பெட்டியில, கரன்ட் அதிகமானா தானா விழற ட்ரிப்பர் 16 ஆம்ப். பதினொன்றரைக்கு அது விழவே விழாது, மெஷின் பாடி முழுக்க கரன்ட்டோட சும்மா நின்னுகிட்டு இருக்கும், யாராவது ஈரக்கையோட வந்து தொடற வரைக்கும்.

இதுல இன்னொரு கொடுமை, எர்த் இல்லாத வீட்டுல சில பேரு ப்ளக் பாயின்ட் உள்ள நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு சின்ன வயர் போட்டு லூப் அடிச்சு வச்சிருவாங்க. ஷாக் உடனே நின்னுரும், வேலை முடிஞ்சுதுன்னு காசு வாங்கிட்டு போயிடுவாங்க. எங்க வீட்டுலயும் கிச்சன் பாயின்ட்ல யாரோ அப்படி பண்ணி வச்சிருந்தாங்க. என்னைக்காவது மீட்டர் பக்கம் நியூட்ரல் கழண்டுச்சுன்னா அந்த பாயின்ட்ல மாட்டியிருக்கற எல்லா இரும்பு பாடியிலயும் 230 வோல்ட் வந்து நிக்கும். அதனால ஒவ்வொரு பெரிய ப்ளக் பாயின்ட்டையும் கழட்டி உள்ள பாக்க சொல்லுங்க, அரை நாள் கூலி ஆனாலும் பரவாயில்ல.

ஆர்சிசிபி இருக்கா, இருந்தா விழுதா

டிபி பாக்ஸை தொறந்து பாருங்க. வரிசையா சின்ன சின்னதா இருக்கறது எம்சிபி, நாம ட்ரிப்பர்னு சொல்றது. அதுல கொஞ்சம் அகலமா, டீ (T)ன்னு இங்கிலீஷ் எழுத்து போட்ட ஒரு குட்டி பட்டனோட இருக்கறதுதான் ஆர்சிசிபி. அது மேல 30 மில்லி ஆம்ப்னு போட்டிருக்கான்னு பாருங்க. 100, 300ன்னு இருந்தா அது தீ புடிக்காம காப்பாத்தற கணக்கு, மனுஷனுக்கு 30தான்.

நெறைய பேரு ட்ரிப்பர் இருந்தா ஷாக் அடிச்சா விழுந்துரும்னு நம்பிக்கிட்டு இருக்காங்க. 16 ஆம்ப் ட்ரிப்பர்னா 16,000 மில்லி ஆம்ப். மனுஷன் ஒடம்புல பத்து மில்லி ஆம்ப் ஓடுனாலே புடிச்ச கையை விட முடியாம போகலாம், முப்பதை தாண்டி கொஞ்ச நேரம் ஓடுனா இதயத் துடிப்பே தாறுமாறாயிடும். ட்ரிப்பர் வயரை காப்பாத்தத்தான் இருக்கு, ஆளை காப்பாத்தறது ஆர்சிசிபிதான். அது உள்ள போற கரன்ட்டும் திரும்பி வர்ற கரன்ட்டும் சமமா இருக்கான்னு பாத்துக்கிட்டே இருக்கும், 30 மில்லி ஆம்ப் வேற எங்கயோ போகுதுன்னு தெரிஞ்சா கண்ணிமைக்கற நேரத்துல கட் பண்ணிரும். ஃபேஸையும் நியூட்ரலையும் ரெண்டு கையால புடிச்சா மட்டும் அதுக்கு தெரியாது, உங்களையும் ஒரு பல்புன்னுதான் நெனச்சுக்கும். அதனால ஆர்சிசிபி இருக்குன்னு லைன்ல கை வைக்கற தைரியம் வேண்டாம்.

இருக்கறவங்க இன்னைக்கே அந்த டீ பட்டனை அமுக்குங்க, கம்ப்யூட்டர் ஆஃப் பண்ணிட்டு. டக்குனு விழணும். விழலைன்னா மாத்தணும், சுத்தி வளைக்க ஒண்ணும் இல்ல. மாசத்துக்கு ஒரு தடவை, கேஸ் சிலிண்டர் மாத்தற அன்னைக்குன்னு ஒரு கணக்கு வச்சுக்கிட்டா மறக்காது. இல்லாதவங்க ஐஎஸ்ஐ முத்திரை பாத்து வாங்கி போடுங்க, சிங்கிள் ஃபேஸ் வீட்டுக்கு ஒரு நல்ல மிக்ஸி விலைக்குள்ள முடிஞ்சுரும். த்ரீ ஃபேஸ்னா நாலு போல் உள்ளது கேளுங்க.

வாடகை வீடா இருந்தா ஓனர் கிட்ட ஒரு தடவை கேளுங்க, மாட்டேன்னா உங்க போர்ஷன் டிபிக்கு நீங்களே வாங்கி போடுங்க, காலி பண்றப்ப கழட்டி எடுத்துட்டு போலாம்.

ஆர்சிசிபி அடிக்கடி விழுதுன்னு அதை பைபாஸ் பண்ணி வச்ச வீடு எத்தனையோ இருக்கு. அது விழுதுன்னா எங்கயோ கசியுதுன்னு அர்த்தம். எல்லா ப்ளக்கையும் உருவிட்டு, ஒவ்வொண்ணா மாட்டி ஆன் பண்ணி பாருங்க, எதுல விழுதோ அதுதான், நம்ம ஊரு உப்புத் தண்ணிக்கு முக்காவாசி நேரம் கெய்சர் எலிமென்ட்தான் மாட்டும். இன்வர்ட்டர் இருக்கற வீட்டுல காரணம் வேற, இன்வர்ட்டர் லைன் நியூட்ரலும் ஈபி நியூட்ரலும் எங்கயோ ஒண்ணா கலந்திருக்கும். அதை தனித்தனியா பிரிச்சு, இன்வர்ட்டர் லைனுக்கு தனி ஆர்சிசிபி போட சொல்லுங்க, பொறுமையான வயர்மேனுக்கு ஒரு நாள் வேலை. அவசரக்காரர்தான் "இது இப்படித்தான் சார் விழும்"னு கழட்டி போட்டுட்டு போவாரு.

ஏசியை ஆன் பண்றதுக்கு முன்னாடி

ஒன்றரை டன் ஏசி ஓடறப்ப ஏறக்குறைய ஏழு ஆம்ப் இழுக்கும், அதுவும் ராத்திரி பூரா. இஸ்திரி பெட்டி பத்து நிமிஷம் இழுக்கறதும் இது எட்டு மணி நேரம் இழுக்கறதும் ஒண்ணு இல்ல, லூஸா இருக்கற ஒரே ஒரு ஸ்க்ரூ போதும், விடிய விடிய சூடாகி ப்ளக்கே உருகிரும். அதனால ஏசிக்கு டிபி பாக்ஸ்ல இருந்து தனி லைன், 4 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயர், தனி எம்சிபி. பழைய வீட்டுல பெட்ரூம் ப்ளக் பாயின்ட்ல ஏற்கனவே ஓடற ரெண்டரை ஸ்கொயர் எம்எம் வயர்லயே ஏசியையும் மாட்டி, அதே வயர்ல அடுத்த ரூம் கெய்சரையும் கொடுத்திருப்பாங்க, பாத்து பிரிச்சுருங்க. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல ஏசி மாட்டவே கூடாது.

மொதல்ல எம்சிபியை ஆஃப் பண்ணுங்க. ரிமோட்ல ஆஃப் பண்ணா லைன் போகாது. அப்புறம் ப்ளக்கை உருவி பின்னை பாருங்க: பித்தளை கலர் மாறி கறுப்படிச்சிருக்கா, பிளாஸ்டிக் லேசா உருகி நெளிஞ்சிருக்கா. அப்படி இருந்தா பின் டாப்பை (ப்ளக் தலையை) மட்டும் மாத்துனா பத்தாது, சாக்கெட்டையும் சேத்து மாத்தணும், உள்ள ஸ்பிரிங் விட்டுப்போச்சுன்னா புது பின்னும் ஒரே மாசத்துல கருகிரும். முடிஞ்சா ப்ளக்கே இல்லாம ஏசிக்குன்னு விக்கற எம்சிபி பாக்ஸ்ல நேரா கொடுத்துருங்க.

அவுட்டோர் யூனிட்டை சர்வீஸ் ஆளு தொறக்கட்டும், உள்ள இருக்கற கபாசிட்டர்ல லைனை எடுத்த அப்புறமும் கொஞ்ச நேரம் கரன்ட் தேங்கி நிக்கும். அவரு தொறக்கறப்ப கூட நின்னு பாருங்க, பல்லி, எறும்பு கூடு, அணில் கடிச்ச வயர், காக்கா கொண்டாந்து போட்ட கம்பி எல்லாம் இருக்கும், போர்டு ஷார்ட் ஆகறதுக்கு பல்லி ஒண்ணு போதும்.

ஆன் பண்ணி ஒரு மணி நேரம் ஓடுனதுக்கு அப்புறம் ஆஃப் பண்ணிட்டு பின் டாப்பை தொட்டு பாருங்க. வெதுவெதுன்னு இருந்தா பரவாயில்ல, கை வைக்க முடியாத சூடுன்னா அந்த பாயின்ட்டை யூஸ் பண்ணாதீங்க. இன்னொண்ணு, ரூம்ல கருவாடு மாதிரி, மீன் கவிச்சி மாதிரி வாடை வந்து எங்க இருந்து வருதுன்னே தெரியலைன்னா மொதல்ல ஸ்விட்ச் போர்டு கிட்ட மோந்து பாருங்க, பிளாஸ்டிக் சூடாகி கருகறப்ப அந்த வாடைதான் வரும். உடனே மெயின் ஆஃப்.

ப்ளக், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், ஃபியூஸ் கட்டை

மூணு பின்ல மேல இருக்கற தடி பின் நீளமா இருக்கறதுக்கு காரணம் இருக்கு. சொருகறப்ப எர்த் மொதல்ல ஒட்டணும், உருவறப்ப கடைசியா பிரியணும், அதுக்குத்தான். அந்த பின்னை ஒடச்சுட்டு ரெண்டு பின் சாக்கெட்ல சொருகறது, டூ பின் கன்வர்ட்டர் போட்டு கிரைண்டரை ஓட்டறது, இதெல்லாம் பாடி எர்த்தை நாமளே கையால அறுத்து விடற வேலை. வெறும் வயரை ஓட்டையில சொருகி தீக்குச்சியால அடைக்கறது இன்னமும் கல்யாண மண்டபத்துல, கட்டட வேலை நடக்கற எடத்துல பாக்கறேன், பாத்தா தயவு செஞ்சு வாயை தொறந்து சொல்லுங்க.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல மொபைல், லேப்டாப், டேபிள் ஃபேன் போதும். இஸ்திரி பெட்டி, இண்டக்‌ஷன் அடுப்பு, கெய்சர், எலக்ட்ரிக் ஸ்கூட்டர் சார்ஜர் எதுவும் வேண்டாம். ஸ்கூட்டருக்கு பார்க்கிங்ல 16 ஆம்ப் பாயின்ட் தனியா, எர்த்தோட, ஆர்சிசிபியோட போட்டுக்கங்க, வெளிய போற ஒரே வழியான மாடிப்படிக்கு அடியில சார்ஜ் போடாதீங்க, வெயில்ல ஓட்டிட்டு வந்த வண்டியை உடனே மாட்டாம பேட்டரி ஆறட்டும்.

பழைய மீட்டர் போர்டுல ஃபியூஸ் கட்டை இருந்தா, போன வருஷம் அடிக்கடி போச்சுன்னு யாராவது தடி காப்பர் வயரை சுத்தி வச்சிருக்காங்களான்னு வயர்மேனை விட்டு பாக்க சொல்லுங்க. அப்படி இருந்தா ஃபியூஸ் போறதுக்கு பதிலா சுவத்துக்குள்ள இருக்கற வயர் எரியும்.

மோட்டார், சம்ப், பாத்ரூம்

சம்ப் தண்ணி கீழ போறதும், மோட்டார் காத்து இழுக்கறதும், லாரி தண்ணி வர்றதுக்கு முன்னாடி சம்ப் கழுவறதும் இந்த சீசன்லதான். சம்ப்ல கை விடறதுக்கு முன்னாடி, பக்கெட் விடறதுக்கு முன்னாடி கூட, மோட்டார் ஸ்விட்சை ஆஃப் பண்ணி ப்ளக்கை உருவி ப்ளக் உங்க கண்ணு முன்னாடி இருக்கணும். ஸ்விட்ச் ஆஃப் மட்டும் போதாது, சில வீட்டுல ஸ்விட்ச் நியூட்ரல்ல இருக்கும், ஆஃப் பண்ணாலும் மோட்டார்ல ஃபேஸ் நிக்கும். சப்மெர்சிபிள் மோட்டாரை வயரை புடிச்சு தூக்காதீங்க, அதுக்கு தனி கயிறு கட்டுங்க, ஜாயின்ட் தண்ணிக்குள்ள பிரிஞ்சுரும். மூடியே கெடந்த ஆழமான சம்ப்ல மூச்சு முட்டறதும் உண்டு, அதனால தனி ஆளா எறங்கவே வேண்டாம்.

கெய்சர் இனிமே தேவையில்ல, எம்சிபியை ஆஃப் பண்ணிருங்க. பக்கெட்ல போடற ஹீட்டர் ராடு வச்சிருக்கறவங்க அதை மழைக்காலத்துக்கு கூட திரும்ப எடுக்காதீங்க, ப்ளக்கை உருவாம தண்ணியை தொட்டு பாக்கற பழக்கம் ஒண்ணு போதும் உசுரு போக.

மொட்டை மாடி

எனக்கு ரொம்ப பயம் இதுலதான். வடாம் போட, துணி காய போட, வெயிலுக்கு வெள்ளை பெயின்ட் அடிக்க, பரீட்சை முடிஞ்ச பசங்க பட்டம் விட, எல்லாரும் மாடிலதான். நம்ம ஊர்ல கொடிக்கம்பி கட்டறது ஜிஐ கம்பில. ஒரு முனை தண்ணி டேங்க் ஸ்டாண்டுல, இன்னொரு முனை ஈபி கம்பத்துல இருந்து சர்வீஸ் வயர் வந்து எறங்குற பைப்புல. அந்த சர்வீஸ் வயர் வெயில்ல காஞ்சு தோல் வெடிச்சு பைப்புல உரசிக்கிட்டு இருக்கும், பைப்புல வந்த கரன்ட் கொடி முழுக்க ஓடும், ஈரத் துணியை எடுத்துட்டு வெறுங்காலோட போறவங்களுக்கு அது தெரியாது. ஒருத்தர் மாட்டிக்கிட்டா காப்பாத்த ஓடுற ரெண்டாவது ஆளும் அதே கம்பியை புடிப்பாங்க, ஒரே வீட்டுல ரெண்டு பேரு மூணு பேருன்னு போற செய்தியை நாம எல்லாருமே பேப்பர்ல படிச்சிருக்கோம்.

இந்த ஞாயித்துக்கிழமையே அந்த கம்பியை அறுத்து போட்டுட்டு நைலான் கயிறு கட்டுங்க, கழட்டறதுக்கு முன்னாடி வீட்டு மெயினை ஆஃப் பண்ணா போதாது, ஏன்னா சர்வீஸ் வயர் மெயினுக்கு முன்னாடியே வந்துருது. வயர்மேனை வச்சு கம்பியில லைன் இல்லைன்னு பாத்துட்டு கழட்டுங்க. பிவிசி போத்துன கம்பியும் வேண்டாம், போத்துனது கிழிஞ்சா உள்ள கம்பிதானே. சர்வீஸ் வயர் தோல் வெடிச்சிருந்தா ஈபில சொல்லி மாத்துங்க.

மாடிக்கு பக்கத்துல ஓடற லைன் எவ்வளவு தூரத்துல இருக்குன்னு பாருங்க. வீட்டு சப்ளை போற சாதா லைன் கட்டடத்துக்கு மேல ரெண்டரை மீட்டர் ஒசரத்துலயும் பக்கவாட்டுல 1.2 மீட்டர் தள்ளியும் இருக்கணும், 11,000 வோல்ட் லைன்னா மேல 3.7 மீட்டர். புதுசா ஒரு மாடி ஏத்தறப்ப, பால்கனி நீட்டறப்ப, ஷீட் போடறப்பதான் இந்த கணக்கு தப்பிப்போகுது, அங்க வேலை பாக்கற கொத்தனார் கம்பியை தூக்கி திருப்பறப்ப மாட்டிக்கறாரு. 11,000 வோல்ட் லைனை தொடணும்னு கூட அவசியம் இல்ல, ரொம்ப கிட்ட போனாலே தாவும். பெயின்ட் அடிக்க அலுமினிய ஏணி கொண்டு வந்தாங்கன்னா லைன் இருக்கற பக்கம் அதை நிமுத்த விடாதீங்க.

அப்புறம் மாங்கா. பங்குனி சித்திரைலதான் மாங்காவும் முருங்கைக்காயும் காம்பவுண்டுக்கு வெளிய கொத்து கொத்தா தொங்கும், இரும்பு பைப்புல கத்தியை கட்டி தொரட்டியாக்கி மேல பாத்துக்கிட்டே இழுப்போம், லைன் எங்க இருக்குன்னு கண்ணுல படாது. லைனுக்குள்ள போயிருக்கற கெளையில இருக்கற காயை விட்டுருங்க. பச்சை மூங்கிலும் நம்பக்கூடாது, ஈரம் இருக்கும். மாதாந்திர பராமரிப்புக்கு பகல்ல கரன்ட் நிறுத்தற அன்னைக்கு ஈபி ஆளுங்க கெளை வெட்ட வருவாங்க, முன்னாடியே சொல்லி வச்சா உங்க மரத்தையும் வெட்டி விடுவாங்க. பட்டம் லைன்ல சிக்குனா போனது போனதுதான்னு பசங்களுக்கு இப்பவே சொல்லி வைங்க. மாஞ்சா நூல் சென்னையில எப்படியும் தடை.

திருவிழா, கோடை மழை

மயிலாப்பூர்ல அறுபத்து மூவர் வர்ற மாசம், தெருவுக்கு தெரு சீரியல் செட்டு, மோர் பந்தல். பந்தல் இரும்பு கம்பத்துல சீரியல் வயரை நேரா சுத்தாதீங்க, ஜாயின்ட்டெல்லாம் ஆள் ஒசரத்துக்கு மேல, டேப் சுத்தி. கம்பத்துல கொக்கி போட்டு எடுக்காம ஈபில தற்காலிக இணைப்பு கேட்டு வாங்குங்க. 2022 ஏப்ரல் 27 விடியக்காலை தஞ்சாவூர் பக்கம் களிமேட்டுல சப்பரம் உயர் அழுத்த லைன்ல பட்டு 11 பேரு போயிட்டாங்க. தேர், சப்பரம், கட்-அவுட் எது போறதா இருந்தாலும் மொதல்லயே உச்சி ஒசரத்தை அளந்து ஈபில சொல்லி, அந்த தெருவுக்கு லைனை நிறுத்துன அப்புறம்தான் நகரணும்.

கோடை மழை இடியோட வரும். டிவி, மோடம், ஏசி ப்ளக்கை இடி சத்தம் தூரத்துல கேக்கறப்பவே உருவிருங்க, தலைக்கு மேல வந்த அப்புறம் கை வைக்காதீங்க. துணி நனைஞ்சா நனையட்டும், கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழிச்சு மாடிக்கு போங்க. நம்ம ஊரு பிளாட்பாரத்துல நிக்கற ஈபி பில்லர் பாக்ஸ் கதவு தொறந்து கெடந்தா ஃபோட்டோ எடுத்துட்டு போகாம ஈபியோட புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987, போன் பண்ணுங்க, 24 மணி நேரமும் எடுப்பாங்க.

வெயில் உச்சத்துல லோடு ஏறி நியூட்ரல் போறது உண்டு. திடீர்னு லைட்டு பளிச்சுனு அதிகமா எரிஞ்சு, ஃபேன் வேகமா ஓடுனா, சந்தோஷப்பட வேண்டாம், ஓடிப்போய் மெயினை ஆஃப் பண்ணுங்க, 230 வரவேண்டிய எடத்துல 400 பக்கம் வந்துக்கிட்டு இருக்கலாம்.

யாருக்காவது ஷாக் அடிச்சுட்டா

தொடாதீங்க. அம்மாவா இருந்தாலும் கொழந்தையா இருந்தாலும் மொதல்ல மெயின். மெயின் தூரம்னா காஞ்ச கட்டையால, பிளாஸ்டிக் சேரால, நீங்க காஞ்ச எடத்துல செருப்போட நின்னு தள்ளி விடுங்க. இது வீட்டு லைனுக்கு மட்டும்தான். ரோட்டுல அறுந்து விழுந்த வயர்னா கட்டையும் வேண்டாம், பத்து மீட்டர் தள்ளி நின்னு மத்தவங்களையும் நிறுத்துங்க. தெரியாம கிட்ட போயிட்டா ஓடாதீங்க, தரையிலயே கரன்ட் பரவியிருக்கும், ரெண்டு காலுக்கும் நடுவுல எடைவெளி கூட கூட ஷாக்கும் கூடும், காலை ஒட்டி ஒட்டி தேச்சுக்கிட்டே வெளிய வாங்க.

லைன் போன அப்புறம் ஆளு அசையல, மூச்சு இல்லைன்னா ஒருத்தர் 108-க்கு போடட்டும், இன்னொருத்தர் நெஞ்சை அமுக்க ஆரம்பிக்கணும். மல்லாக்க தரையில படுக்க வச்சு, மார்புக்கு நடுவுல உள்ளங்கை அடிப்பாகத்தை வச்சு மேல இன்னொரு கையை கோத்து, முழங்கை மடங்காம, பெரியவங்களுக்கு அஞ்சு ஆறு சென்டிமீட்டர் உள்ள போற மாதிரி, நிமிஷத்துக்கு நூறுல இருந்து நூத்தி இருபது தடவை. கை வலிச்சா ஆளை மாத்திக்கங்க, ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் நிறுத்தாதீங்க. தண்ணி குடுக்க வேண்டாம், வாய்ல சாவி வைக்க வேண்டாம்.

எழுந்து உக்காந்து "ஒண்ணும் இல்லப்பா"ன்னு சொன்னாலும் ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போய் ஈசிஜி எடுங்க, வெளிய சின்ன தழும்புதான் தெரியும், உள்ள போன வழி தெரியாது, இதயத் துடிப்பு அப்புறமா கூட தடம் மாறலாம். எங்க அம்மாவையும் அன்னைக்கு ராத்திரியே கூட்டிட்டு போனோம், டாக்டர் ஈசிஜி பாத்துட்டு நல்லா இருக்காங்கன்னு சொன்னப்பதான் மூச்சு வந்துச்சு.

டிபி பாக்ஸ்ல எந்த ஸ்விட்ச் எந்த ரூமுக்குன்னு பேனாவால தமிழ்ல எழுதி ஒட்டுங்க. கதவு உள்பக்கம் மின்னகம் நம்பர், வயர்மேன் நம்பர், எர்த் குழிக்கு கடைசியா தண்ணி ஊத்துன தேதி. எங்க வீட்டுல அந்த தேதியை இப்ப அம்மாதான் எழுதறாங்க, வெள்ளிக்கிழமை வாசல் தெளிச்ச கையோட மீதி தண்ணி குழிக்குத்தான் போகுது.